விடுமுறைக் காலத்து டயட்டுக்கு ஒரு சமையலறைத் தராசு: என் மதிப்புரை

டயட்டில் இருப்பவர்கள் விடுமுறைக் காலத்துக்கு முன்னால் ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால், அது டிஜிட்டல் சமையலறைத் தராசாக இருக்கட்டும் என்பேன். என்னிடம் இருப்பது மேலே கண்ணாடித் தட்டு பதித்த, 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் வரை காட்டும் சாதாரண மாடல். இந்த வகைத் தராசுகளுக்கு வெளியே பெயர் எதுவாக இருந்தாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். அதனால் எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை அந்தக் கலகலப்பான வாரங்களில் எப்படிப் பயன்படுத்துவது, எங்கே அது காலை வாருகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இது அழகுக்காக எடுத்த டயட் இல்லை. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணிய வாய்ப்பு உண்டு என்று அவர் விளக்கியபோது, இது கணக்கில் பிடிக்கக்கூடிய விஷயம் என்று மனதில் பட்டது. என் தொழிலே கணக்கு எழுதுவதுதான். வீட்டில் சமையலும் பெரும்பாலும் என் கையில். ஆகவே இந்தத் தராசு தினமும் என் முன்னால்தான் இருக்கிறது.

விடுமுறையில் டயட் எங்கே உடைகிறது என்று கேட்டால் எல்லோரும் விருந்து நாளைத்தான் காட்டுவார்கள். நான் அந்த நாளைக் குறை சொல்ல மாட்டேன். விருந்து ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை. அதற்கு முன்னும் பின்னும் கிடக்கும் சாதாரண நாட்களில்தான் சிக்கல். மேஜையில் டப்பா திறந்தே இருக்கும். யாராவது வருவார்கள், அவர்களுக்கு எடுத்து வைக்கும்போது நம் வாய்க்கும் ஒன்று போகும். குழந்தைகள் பாதி கடித்து வைத்ததைத் தூக்கிப் போட மனம் வராது. வழக்கமான சமையலிலேயே எண்ணெய் ஒரு சுற்று கூடுதலாக விழும், விருந்தாளி இருக்கிறார்களே என்று. இவற்றில் எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் ஏறுவதில்லை. ஏனென்றால் இவற்றில் எதுவும் சாப்பாடு மாதிரியே தோன்றுவதில்லை.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 195 பேரின் எடையை, நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நீளும் அங்கத்திய விடுமுறைக் காலத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தது. சராசரியாகக் கூடியது 0.37 கிலோ. கூடியிருக்கும் என்று அவர்களே நினைத்துக்கொண்டது அதைவிட மிக அதிகம். கால் கிலோவுக்குச் சற்று மேல்தானே என்று விட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அந்த எடை இறங்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன முக்கியமான சேதி. வருடா வருடம் இப்படி ஏறிக்கொண்டே போனால் நடுவயதில் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இந்த 0.37 கிலோவை நான் ஒரு தாளில் பிரித்துப் பார்த்தேன். உடல் கொழுப்பு ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியென்றால் 0.37 கிலோ சுமார் 2,850 கலோரி. அதை ஆறேழு வாரத்துக்குப் பரப்பினால் நாளுக்கு அறுபது, எழுபது கலோரிதான் வருகிறது. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 14 கிராம், 120 கலோரி. ஆக, தினமும் அரை மேஜைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக உள்ளே போனாலே அந்த எடை ஏறிவிடும். வாணலியில் ஊற்றும்போது 14 கிராமையும் 21 கிராமையும் பிரித்துச் சொல்லும் கண் யாருக்கும் கிடையாது. எனக்கு இத்தனை வருடச் சமையல் அனுபவம் இருந்தும் கிடையாது. தராசுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம்.

பெட்டியைத் திறந்தால் ஒரு மெல்லிய பலகை, அடியில் நான்கு ரப்பர் கால்கள், முன்பக்கம் இரண்டு தொடு பொத்தான்கள். ஒன்று ஆன் செய்யவும் பூஜ்யமாக்கவும், இன்னொன்று கிராம், மில்லி என்று அலகு மாற்றவும். உள்ளே இருப்பது ஓர் அலுமினியத் துண்டும் அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகளும். மேலே எடை வைத்தால் அலுமினியம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், இழை இழுபடும், அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத் திரை கிராமாகக் காட்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளைவதை வைத்துத்தான் கணக்கு என்பதால், தராசு நிற்கும் இடம் கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். மேஜை விரிப்பின் மேலோ மடித்த துணியின் மேலோ வைத்தால் எண் தவறும். கொதிக்கும் பாத்திரத்தை நேரே வைத்தாலும் சூடு உள்ளே இறங்கி எண் நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்கும் நல்லதில்லை. நான் ஒரு மரப்பலகையை முதலில் வைத்து, பூஜ்யமாக்கி, அதன்மேல் சூடான பாத்திரத்தை வைக்கிறேன்.

அந்தப் பூஜ்யப் பொத்தான்தான் இந்தப் பொருளின் உயிர். வாங்கியவர்களில் பலர் அதைப் பாதிதான் பயன்படுத்துகிறார்கள். காலிக் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்கி, பிறகு பொருளைப் போட்டு நிறுப்பது எல்லோருக்கும் தெரியும். இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். எண்ணெய்ப் பாட்டிலை அப்படியே தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். பாட்டிலை எடுத்து வாணலியில் ஊற்றுங்கள். திரும்ப வையுங்கள். திரையில் கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். −11 என்றால் 11 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். கரண்டி கழுவ வேண்டாம், கிண்ணம் அழுக்காக வேண்டாம், நேரமும் போகாது. விருந்தாளி நிறைந்த சமையலறையில் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம். நெய், வெண்ணெய், சர்க்கரை, பாலாடை என்று கரண்டியில் ஒட்டும் எல்லாவற்றுக்கும் இந்த வழிதான் சரி.

இனிப்பு டப்பாவுக்கும் இதேதான். விடுமுறை வாரங்களில் எங்கள் வீட்டில் டப்பாவின் இடம் தராசின் மேல். எடுக்கும்போது பூஜ்யத்தை அழுத்தி ஒன்றை எடுப்பேன். −38 என்று காட்டும். சர்க்கரையும் கொழுப்புமாகச் சேர்ந்த ஒரு பண்டத்துக்கு கிராமுக்கு நாலரைக் கலோரி என்று வைத்துக்கொண்டால் அது 170 கலோரி. வேண்டாம் என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானும் என்னைத் தடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டி, மறுபாதியைத் திரும்ப வைப்பது எனக்குச் சுலபமாகிவிட்டது. பாதியும் அதே ருசிதான். முதல் இரண்டு கடியில் கிடைக்கும் சந்தோஷம் நாலாவது கடியில் கிடைப்பதில்லை என்பதை நான் நிஜமாகவே கவனித்துப் பார்த்திருக்கிறேன்.

கொட்டை வகைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டயட்டில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ‘ஒரு கைப்பிடி பாதாம்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். உணவு அட்டவணைகளில் ஒரு பங்கு என்பது 28 கிராம் அளவு, 160 கலோரிக்குச் சற்று மேல். என் கைப்பிடியைத் தராசில் கொட்டினேன். 43 கிராம். கிட்டத்தட்ட 250 கலோரி. என் கை பெரிய கையும் இல்லை. டிவி பார்த்துக்கொண்டே இரண்டாவது கைப்பிடிக்குப் போனால் ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி வந்துவிடும். உலர்ந்த பழங்களும் இப்படித்தான். 100 கிராம் திராட்சைப் பழத்தில் 70 கலோரி அளவுதான். அதே திராட்சை காய்ந்தபின் 100 கிராமுக்கு 300 கலோரி. தண்ணீர் போய்விட்டது, சர்க்கரை அங்கேயே இருக்கிறது. பழம்தானே என்று கிண்ணத்தை நிரப்புகிறவர்கள் ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். கொட்டை உடம்புக்கு நல்லது, நானும் தினமும் சாப்பிடுகிறேன். 20 கிராம் நிறுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைக்கிறோம், அதில் என் பங்கு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதற்கு முன்கூட்டியே ஒரு வேலை செய்து வைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பெரிய பாத்திரங்களைக் காலியாக நிறுத்து, அந்த எடையைக் கைப்பிடியில் ஒரு சீட்டு ஒட்டியோ சமையலறைச் சுவரிலோ எழுதி வைத்துவிடுங்கள். என் குழம்புப் பாத்திரம் 640 கிராம். சமையல் முடிந்ததும் பாத்திரத்தோடு நிறுத்தால் 2,140 வருகிறது என்று வையுங்கள், உணவு மட்டும் 1,500 கிராம். உள்ளே போட்ட பொருள்களின் மொத்தக் கலோரி 1,800 என்றால் கிராமுக்கு 1.2. என் தட்டில் 250 கிராம் போட்டால் 300 கலோரி. ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் அடுத்த முறை மூளை தானாகவே போட்டுவிடும். மறக்கக்கூடாத ஒன்று, அரிசி, பருப்பு போன்றவற்றைப் பச்சையாக நிறுத்தீர்களா, வேகவைத்தபின் நிறுத்தீர்களா என்பது. 100 கிராம் அரிசி தண்ணீரைக் குடித்து 250 முதல் 300 கிராம் சோறாகிவிடும். பச்சை அரிசிக்கு உள்ள கலோரியைச் சோற்றின் எடையோடு பெருக்கினால் கணக்கு மூன்று மடங்கு தப்பாகப் போகும், பாவம், பட்டினி கிடக்க நேரிடும்.

பாக்கெட் உணவுக்குப் பின்பக்க அட்டவணையே போதும். அதில் உள்ள எண்களின் அடிப்படை மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் செய்த ஆராய்ச்சிகளிலிருந்து வந்த கணக்கு, இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. அந்த 9 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்தாலே எண்ணெயை ஏன் முதலில் நிறுக்கச் சொல்கிறேன் என்பது புரிந்துவிடும்.

இனி குறைகள். இருக்கின்றன, சில நிஜமாகவே எரிச்சலூட்டுபவை.

பெரிய குறை, மெதுவாகப் போட்டால் தராசு கவனிப்பதில்லை. சர்க்கரையையோ தேனையோ கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பாருங்கள், திரை பூஜ்யத்திலேயே நிற்கும். தராசு பழுதாகிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பழுதில்லை. சூடு, ஈரம் இவற்றால் இழைகளில் தானாக வரும் சின்னச் சின்ன மாற்றங்களை எடை என்று தவறாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெதுவாக வரும் மாற்றத்தைத் தராசே அழித்துக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் தூவும் சர்க்கரையும் அதற்கு அப்படிப்பட்ட மாற்றமாகத்தான் தெரிகிறது. விளைவு என்னவென்றால், ஐந்தாறு கிராம் கணக்கில் வராமலே போய்விடும். அதுவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், சின்ன எடைகளில். தீர்வு இரண்டு. ஒன்று, கிண்ணத்தைப் பூஜ்யமாக்கிய பிறகு தராசிலிருந்து எடுத்து, வெளியே வைத்துப் போட்டு, திரும்ப வைப்பது. இன்னொன்று, நான் மேலே சொன்ன கழித்தல் வழி. இரண்டிலும் எடை ஒரே அடியாக மாறுவதால் தராசு தப்பவிடாது. இந்தச் சேதி பெட்டிக்குள் இருந்த கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஐந்து கிராம் எண்ணெய் 45 கலோரி. நாம் தேடிக்கொண்டிருப்பதே அந்த அறுபது, எழுபது கலோரியைத்தானே!

அடுத்து மில்லி. அலகு மாற்றும் பொத்தானை அழுத்தினால் மில்லி என்று வரும், அதை நம்பி எண்ணெயை அளக்காதீர்கள். தராசுக்கு உள்ளே இருப்பது தண்ணீரா தேனா என்று தெரியாது. 1 கிராமை 1 மில்லி என்று பெயர் மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தண்ணீருக்கு அது பொருந்தும். சமையல் எண்ணெயின் அடர்த்தி 0.92 அளவு, தேனுடையது 1.4. திரை 100 மில்லி என்று காட்டும்போது உண்மையில் எண்ணெய் 109 மில்லி இருக்கும், தேன் 70 மில்லிதான் இருக்கும். கிராமிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

ஈரக் கையால் தொட்டால் பொத்தான் தானாக அழுந்திவிடுகிறது, பாதி நிறுத்துக்கொண்டிருக்கும்போது பூஜ்யமாகிவிடும். பெரிய தட்டை வைத்தால் திரை அதற்கு அடியில் மறைந்துவிடும். உயரமான ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்தால் தெரியும். ஒரு நிமிடம் விட்டால் அணைந்துவிடுகிறது, காய் நறுக்கி முடிப்பதற்குள் போட்ட பூஜ்யம் போய்விடும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை டயட்டுக்குத் தாராளமாகப் போதும். வீட்டிலேயே சோதிக்கலாம். அளவு குறித்த ஜாடியில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து, ஜாடியின் எடையைக் கழித்துப் பாருங்கள். அறை வெப்பத்தில் 997 கிராம் அளவில் வர வேண்டும். என்னுடையது ஓரிரு கிராம் வித்தியாசத்தில் காட்டியது. ஆனால் 3, 4 கிராமுக்குக் கீழே எதையும் இதை நம்பி நிறுக்க முடியாது. உப்பைக் கணக்குப் பார்க்கிறவர்கள், அதாவது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. பெரியவர்கள் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைச் சமையலறைத் தராசால் பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த மாடலோடு ஒரு செயலியும் தருகிறார்கள். தராசு நிறுத்ததைச் செல்போனுக்கு அனுப்புமாம், அது உணவைக் கண்டுபிடித்துக் கலோரி போட்டுக் கொடுக்குமாம். இரண்டு வாரம் முயன்றுவிட்டு நீக்கிவிட்டேன். அதில் இருக்கும் உணவுப் பட்டியலில் பாதி, பயனர்கள் தாங்களே ஏற்றியவை. ஒரே பொருளுக்கு நாலு விதமான எண். எண்ணெய்க்கு 100 கிராமுக்கு 120 கலோரி என்று ஒரு பதிவு இருந்தது, மேஜைக்கரண்டிக் கணக்கை யாரோ கிராமில் போட்டுவிட்டார்கள். இதை நம்பி ஒருவர் விடுமுறை முழுக்க எண்ணெய் ஊற்றினால் என்ன ஆவது? எழுதிக் கேட்டேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற பதிலோடு சரி, பதிவு அப்படியே இருந்தது. ஆகவே செயலி இல்லாத மாடலை வாங்குங்கள், காசு மிச்சம். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் தராசுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தால் போதும்.

விருந்து நாளில் தராசை நான் அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லோரும் சேர்ந்து உட்காரும் பந்தியில் ஒருவர் மட்டும் தட்டை நிறுத்துக்கொண்டிருந்தால் பரிமாறுகிறவர்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கஷ்டம். ஆசையாகச் சமைத்தவர்களுக்கு அது ஒரு தீர்ப்பு மாதிரித் தெரியும். அன்று முதலில் காய்கறியும் புரதமும், பிறகு பிடித்தது, இரண்டாம் முறைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பேச்சு. இவ்வளவுதான் என் ஏற்பாடு. மற்ற நாட்களில் நிறுத்து நிறுத்துப் பழகியதால் 150 கிராம் சோறு தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்று அது தானாகவே உதவிக்கு வருகிறது.

மறுநாள் காலையில் உடல் எடை பார்க்கும் மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். பலர் டயட்டையே கைவிடுவது இந்த ஒரு காலையில்தான். தயவுசெய்து பயப்படாதீர்கள். ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஒரே நாளில் சேர வேண்டும் என்றால் தேவைக்கு மேல் பதினோராயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட விருந்திலும் அது நடக்காது. மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி வைக்கும். குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இறங்கிவிடும். செய்ய வேண்டியது, காலை உணவை வழக்கம்போல் சாப்பிடுவதும் சமையலறைத் தராசை அலமாரியிலிருந்து எடுத்து வைப்பதும்தான். மறுநாள் பட்டினி கிடந்து ஈடு கட்டப் பார்த்தவர்கள் சாயங்காலம் இனிப்பு டப்பாவிடம்தான் போய் நிற்பார்கள்.

உடல் எடை மெஷினை விடுமுறைக்கு ஒளித்து வைக்கவும் வேண்டாம். 2018 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. 272 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வாரத்துக்கு இரண்டு முறையாவது எடை பார்க்கச் சொன்னார்கள், கூடவே பத்து எளிய யோசனைகளும், விடுமுறைப் பண்டங்களின் கலோரியைக் கரைக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். மறு பிரிவினருக்கு ஆரோக்கிய வாழ்க்கை பற்றிய துண்டுப் பிரசுரம் மட்டும். மறு பிரிவினர் சராசரியாக 0.37 கிலோ ஏறினார்கள். மேலே சொன்ன அதே எண், கவனியுங்கள். எடை பார்த்தவர்கள் 0.13 கிலோ குறைந்திருந்தார்கள். விடுமுறையில் எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்று கிடையாது. ஏறாமல் பிடித்து நிறுத்தினாலே அது பெரிய வெற்றி என்று நான் நம்புகிறேன். மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தராசு வந்த புதிதில் என் மாமியார், “சாப்பாட்டை நிறுத்துப் பார்த்தா சாப்பிட்டது உடம்புல ஒட்டுமா?” என்றார். “எனக்கு மட்டும்தான் அத்தை, உங்க தட்டு பக்கம் வர மாட்டேன்” என்றேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். யார் தட்டையும் நிறுக்கவில்லை, யார் எடுக்கும் இனிப்பின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் அவராகவே வந்து, “என் டீக்குப் போடுற சர்க்கரை எவ்வளவுன்னு பாரேம்மா” என்றார். ஒரு கோப்பைக்கு 11 கிராம். நாளுக்கு நாலு கோப்பை. 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்புப்படி, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். அத்தைக்கு டீயிலேயே 44 ஆகிவிடுகிறது. நான் எதுவும் சொல்லவில்லை. 44 கிராம் சர்க்கரையை ஒரு கிண்ணத்தில் நிறுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவா?” என்று கேட்டார். இப்போது கோப்பைக்கு 6 கிராம் போட்டுக் குடிக்கிறார்.

எல்லோருக்கும் இந்தப் பொருளைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சாப்பாட்டைப் பற்றிய பயமோ, பட்டினி கிடந்து பிறகு அளவில்லாமல் சாப்பிடும் பழக்கமோ முன்பு இருந்தவர்கள் தராசு வாங்க வேண்டாம். எண்கள் அவர்களுக்கு உதவி செய்வதைவிட வதைப்பதே அதிகம். வளரும் குழந்தைகளின் தட்டை இதில் வைக்கவே வைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மாவுச்சத்தைக் கிராமில் தெரிந்துகொள்ள இது மிகவும் பயன்படும், ஆனால் மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. அப்புறம், நிறுக்காமல் ஒரு கவளம்கூட இறங்கவில்லை என்ற நிலை உங்களுக்கு வந்தால், அன்றே தராசைக் கொஞ்ச நாளைக்கு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது இவைதான். 5 கிலோ கொள்ளளவு இருக்கட்டும், விருந்தாளிகளுக்கும் சேர்த்துச் சமைத்தால் 3 கிலோ மாடலில் பாத்திரத்தோடு நிறுக்க முடியாமல் போகலாம். திரை மேல்தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் உத்தமம். தொடு பொத்தானைவிட அழுத்தும் பொத்தான் மேல். தானாக அணையும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும், கடையில் கேட்டால் தெரியாது என்பார்கள், ஆன் செய்து வைத்துவிட்டு நீங்களே நேரம் பாருங்கள். கழித்தல் எண் காட்டுகிறதா என்பதையும் அங்கேயே சோதியுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தக் கையேட்டுக்கும் செயலிக்கும். பேட்டரி இரண்டு பட்டன் செல்கள், அணையும் நேரம் குறைவாக இருப்பதால் நெடுநாள் வருகிறது. ஆனால் தீரும் தறுவாயில் எச்சரிக்கைக் குறி வருவதற்கு முன்பே எண்கள் தள்ளாட ஆரம்பிக்கின்றன. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே புது செல் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் அந்தச் செல்களைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், விழுங்கிவிட்டால் தொண்டையையும் உணவுக்குழாயையும் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துவிடக்கூடியவை அவை.